மூன்று துளைகள்

இரண்டாம் எண் விமானம் விரிகுடாவில் விழுந்த நேரத்தில் மிட்சுயோ தன் மைக்கோலின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழைக்காலத்து மேகம் தாழ்ந்து கிடந்தது, அவ்வளவுதான்.

விமானத் தொழிற்சாலையின் நகல் அறையில் பன்னிரண்டு பெண்கள். பொறியாளர்கள் பென்சிலால் போடும் வரைபடத்தின் மேல் கஞ்சி ஏற்றிய மெல்லிய நகல்துணியை விரித்து, கோடு பிசகாமல் மையால் எடுப்பது அவர்கள் வேலை. அந்தத் துணியிலிருந்துதான் பட்டறைக்கு ப்ளூபிரிண்ட் போகும். மிட்சுயோவுக்குப் பதினெட்டு வயது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். கை சுத்தம், வாய் திறக்கமாட்டாள்.

சாப்பாட்டுக்குப் போன இக்குகோ வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"சிகெத்தா அண்ணன் போயிட்டாரு."

"எங்கடி போனாரு? மறுபடி கைக்குட்டை கேட்டு வந்தாரா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"விழுந்துட்டாரு. தலைகீழா பாய்ஞ்சு வரும்போது வானத்துலயே வால் பிய்ஞ்சு போச்சாம்."

சிரித்தவளின் வாய் மூடவில்லை. போன வாரம்தான் சோதனை விமானி சிகெத்தா இந்த வாசலில் வந்து நின்றார். வீணான நகல்துணியைக் கஞ்சி போக அலசினால் பட்டு மாதிரி ஆகிவிடும். "பன்னெண்டு பொண்ணுங்க இருக்கிற இடத்துல எனக்கு ஒரு கைக்குட்டைக்கு வழியில்லையா?" என்று கேட்டார். "உங்க மூஞ்சிக்குக் கைக்குட்டை பத்தாது அண்ணே, பாராசூட்தான் கேக்கணும்" என்றாள் இக்குகோ. குனிந்த தலை நிமிராமல் மிட்சுயோவும் சிரித்தாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் எடைப் பிரிவின் தலைவர் குவாபாரா மேடையேறினார். வழக்கமாக அவர் வாசிப்பது கிராம் கணக்குத்தான். எந்தத் துண்டில் எத்தனை கிராம் குறைந்தது, யார் குறைத்தது என்று வாசிப்பார். இருக்கிற எஞ்சினை வைத்துக்கொண்டு வேகமாகப் பறக்க வேண்டும் என்றால் விமானத்தின் உடம்பு இளைக்க வேண்டும். அதற்காகத் தகடு தகடாகச் சீவினார்கள், கண்ட இடமெல்லாம் துளை போட்டார்கள். அந்தத் தொழிற்சாலையில் கிராம் என்றால் சாமி மாதிரி.

அன்று அவர் கிராம் வாசிக்கவில்லை.

"ஒண்ணாம் எண் விமானம் இதே பாய்ச்சலைப் பதினோரு தடவை பாய்ஞ்சிருக்கு. ஒரு ஆணிகூட அசையலை. ரெண்டாவதும் அதே வரைபடத்துல செஞ்சதுதான். ஒரு முடி அளவுகூட வித்தியாசம் கிடையாது. அப்ப தப்பு விமானத்துல இல்ல. ஓட்டின கையில இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "மூணாவது தயாரா இருக்கு. இன்னிக்கு நாலு மணிக்கு ஓனுமா அதைப் பாய்ச்சிக் காட்டுவாரு."

வரிசையின் ஓரத்தில் விமானி ஓனுமா நின்றார். சிகெத்தாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். முகம் கல்லாக இருந்தது.

ஒரு முடி அளவு வித்தியாசம் இருந்தது. அது மிட்சுயோவுக்கு மட்டும்தான் தெரியும்.

குளிர்காலத்தில் அவள் ஒரு தாங்கியின் படத்தை நகல் எடுத்தாள். வாலில் மேலும் கீழும் அசையும் பலகையைப் பிடித்துக்கொள்ளும் கையகலத் துண்டு அது. எடையைக் குறைக்க அதில் மூன்று துளைகள் போடும்படி பொறியாளர் ஹிராமாட்சு கடைசி நேரத்தில் மங்கலாகப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். அவள் கண்ணில் அது படவில்லை. துளை இல்லாமலே நகல் எடுத்து, தன் முத்திரையைக் குத்தினாள். சரிபார்ப்பவரும் குத்தினார். மூன்று வாரம் கழித்து, பென்சில் படத்தை அடுக்கி வைக்கும்போதுதான் பார்த்தாள். நகலில் பிழை விட்டவளின் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். திருத்தம் போட்டால் ஓரத்தில் முக்கோணக் குறியும் தேதியும் போட வேண்டும். அப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவள் அலமாரியிலிருந்து துணியை எடுத்தாள். காம்பஸை வைத்து மூன்று வட்டம் சுழற்றினாள். குறி போடவில்லை. மை உலரும்வரை ஊதிவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள். சரி செய்துவிட்டோம், இனி யாருக்கும் கெடுதல் இல்லை என்று அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அதற்குள் ஒண்ணாம் எண் செய்து முடித்திருந்தார்கள். இரண்டாவது அதற்குப் பிறகு வந்தது.

பத்து மணிக்கு அவளை விமானக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். கடலிலிருந்து எடுத்த துண்டுகளை வரைபடத்தோடு ஒப்பிட்டு எண் எழுத வேண்டும். சிமெண்டுத் தரையில் பாய் விரித்து அடுக்கியிருந்தார்கள். மீனவர்கள் வலையில் வந்த பாசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் வால் பக்கத்தில் நின்றாள்.

தாங்கி பாதிதான் இருந்தது. அதன் படம் நிஜ அளவிலேயே வரைந்தது. அவள் கொண்டுவந்த நகல்துணியைத் தரையில் விரித்து, உடைந்த துண்டை அதன் மேல் வைத்தாள். முறிந்த விளிம்பு முதல் வட்டத்தில் நுழைந்து, இரண்டாவதில் புகுந்து, மூன்றாவது வழியாக வெளியேறியிருந்தது. கிழிக்க வசதியாக யாரோ ஓட்டை போட்டுக் கொடுத்த தபால்தலை மாதிரி. வட்டங்களின் மை அவளுடைய மை. முதல் வட்டம் சேருமிடத்தில் ஒரு சிறு தடிப்பு இருந்தது. அதுவும் அவளுடைய கைதான்.

அவள் துண்டை எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று ஹிராமாட்சு குனிந்தார். அவர் பின்னால் குவாபாராவும் ஓனுமாவும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

"ஐயா." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ஐயா, ஒண்ணாம் எண்ணுல இந்தத் துளை கிடையாது."

"எந்தத் துளை? படத்துல இருக்கே."

"முதல்ல நான் விட்டுட்டேன். பின்னால யாருக்கும் சொல்லாம போட்டேன்."

குவாபாரா முகம் சுளித்தார். "விட்டதைப் போட்டிருக்க, அவ்வளவுதானே? அதுக்கு இப்ப என்ன? போய் வேலையைப் பாரு."

ஹிராமாட்சு கொட்டகையின் மறு கோடியில் நின்ற ஒண்ணாம் எண்ணிடம் நடந்தார், ஏணியில் ஏறினார், வால் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டார். அவர் கை அசைவதை மூன்று பேரும் பார்த்தார்கள். திரும்பத் திரும்பத் தடவினார். இறங்கியபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"முழுசா இருக்கு" என்றார். "பதினோரு தடவை பாய்ஞ்சது நான் போட்ட படம் இல்ல. இவ தப்பு."

யாரும் அசையவில்லை. மிட்சுயோ அந்த வார்த்தையை மெல்லப் புரிந்துகொண்டாள். பிழை ஒருவரைக் காப்பாற்றியிருந்தது. திருத்தம் ஒருவரைக் கொன்றிருந்தது.

"எத்தனை கிராம்?" என்று ஓனுமா கேட்டார்.

குவாபாராவுக்கு எல்லா எண்ணும் மனப்பாடம். "மூணு துளைக்கும் சேர்த்து... முப்பத்தெட்டு."

"ஒரு முட்டை எடைகூட இல்ல."

குவாபாரா தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, காரணம் கிடைச்சிடுச்சு. நல்லதுதான். மூணாவதுல அந்தத் தாங்கியை மட்டும் மாத்திடலாம். நாலு மணி இல்லேன்னா ஆறு மணிக்குப் பறக்கலாம்."

ஓனுமா அவரைப் பார்க்கவில்லை. மிட்சுயோவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நான் கோவத்துல கேக்கலை. இன்னும் ஏதாவது இந்த மாதிரி சொல்லாம சரி பண்ணியிருக்கியா?"

"இல்லீங்க. இது ஒண்ணுதான்."

"மத்தவங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. ஓனுமா எழுந்து நகல் அறைக்கு நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

அவர் வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டார். பதினொரு பெண்களும் தலை குனிந்தார்கள். "பேர் வாசிக்கமாட்டாங்க. நான் பொறுப்பு. நாலு மணிக்கு நான்தான் அதுல உட்காரப் போறேன்" என்றார். மிட்சுயோ தன் துணியை நடு மேசையில் விரித்து, மூன்று வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது நான் பண்ணினது" என்றாள். "சிகெத்தா அண்ணன் இதாலதான் போனாரு."

அந்த அறையில் அவள் குரலை உரக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. இக்குகோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தாள். அவள் கை தேட வேண்டியிருக்கவில்லை, நேராகப் போய் ஒரு துணியை இழுத்தது. "எரிபொருள் குழாய். அளவுல ஒரு எண் மாறிப் போச்சு. மார்ச் மாசம்" என்று மேசையில் போட்டாள். அடுத்தவள் எழுந்தாள். இறக்கையின் ஒரு விலா. அடுத்து, சக்கரத்தின் பூட்டு. ஒருத்தி அழுதுகொண்டே நான்கு துணிகளைக் கொண்டுவந்தாள்.

குவாபாரா சுவரைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் நல்லதுக்குத்தானே பண்ணியிருக்கீங்க" என்று யாரிடமோ சொன்னார்.

குவியல் முழங்கை உயரம் வந்தபோது, சரிபார்க்கும் முதியவர் தன் மேசையின் இழுப்பறையைத் திறந்தார். அவரிடம் ஏழு இருந்தன. கடைசியாக ஹிராமாட்சு தன் கோட்டுப் பையிலிருந்து, யாருக்கும் சொல்லாமல் தான் மாற்றிய கணக்கு இருந்த ஒரு மடித்த காகிதத்தை எடுத்து, பிரித்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

ஓனுமா பறப்பதற்கான கையுறைகளைக் கழற்றி நாற்காலியில் போட்டார். முதல் துணியை எடுத்து மிட்சுயோ பக்கம் நகர்த்தினார்.

"வாசி" என்றார். "திருத்தறதுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்ன, சொல்லிக்கிட்டே வா."