பதினாலாம் கூண்டு

பறவைக்குப் பெயர் வைக்காதே என்பதுதான் ஆய்வுக்கூடத்தில் எப்சிக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. அவள் வைக்கவில்லை. பல்லாவரம் சந்தையில் வாங்கிவந்த அந்த ஃபின்ச் குருவியைக் கூண்டு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். "பதினாலு, சாப்டியா? பதினாலு, இங்க பாரு." ஆறே வாரத்தில் எண்ணே செல்லப் பெயராகிவிட்டது. விதியை இவ்வளவு ஒழுங்காக மீறியவள் தாம்பரம் வட்டாரத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தினை தின்னும் குருவிகள் உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவைக்கும். காலையில் வந்ததும் எப்சி அதை வாயால் ஊதித் தள்ளுவாள். மற்றவை விலகிப் பறக்கும். பதினாலு மட்டும் அந்த மூச்சுக்கு எதிரே வந்து நின்று, கழுத்திறகைச் சிலிர்த்துக்கொள்ளும்.

குருவியின் மூளையில் தொடு உணர்வு எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. மயக்கத்தில் இருக்கும் குருவியின் மூளைக்குள் மெல்லிய ஊசியை இறக்கி, இறகுகள்மேல் குழாயால் காற்று ஊத வேண்டும். ஊசி சரியான செல்லில் நின்றால், அதோடு இணைத்த ஸ்பீக்கர் கடுகாய்ப் பொரியும். பொரிந்துவிட்டால், ஊசி நின்ற இடத்தை உறுதிசெய்ய அந்த மூளையை எடுத்துச் சீவிப் பார்ப்பார்கள். ஸ்பீக்கர் பொரியாவிட்டால் குருவி தையலோடு கூண்டுக்குத் திரும்பும்.

அன்று மேசையில் பதினாலு. எப்சி காற்றுக்குழாயை இறக்கை, முதுகு, கால் என்று நகர்த்தினாள். இரண்டு மணி நேரமாக ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். 'இயேசப்பா, இப்படியே இருக்கட்டும்' என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டு, முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டாள்.

"போதும்மா, மூடிடு. இன்னைக்கு இது தேறாது" என்றார் அவளுடைய வழிகாட்டி வேதசிரோமணி சார்.

அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஊசியை வெளியே எடுக்கக் குனிந்தாள். பதினாலின் கழுத்திறகில் ஒரு தினை உமி ஒட்டியிருந்தது. ஒன்றும் யோசிக்காமல், தினமும் செய்வதுபோல், ஊதினாள்.

ஸ்பீக்கர் படபடவென்று பொரிந்தது.

சார் துள்ளி எழுந்தார். "அங்கதாம்மா! இன்னொரு தடவை ஊது."

எப்சி குழாயை எடுத்து, வேண்டுமென்றே வயிற்றுப் பக்கம் பிடித்தாள். சத்தமில்லை.

"அங்க இல்லம்மா, கழுத்துல." குழாயை வாங்கி அவரே பிடித்தார். மறுபடி பொரிந்தது. மறுபடியும். "சூப்பர்! உன் தீசிஸ்ல முதல் படமே இதுதான். ஆமா, முதல்ல எதால ஊதின?"

"வாயால, சார்."

"அப்படியே எழுதிக்கோ. பத்து நிமிஷம் ரெக்கார்ட் பண்ணிட்டு முடிச்சிடலாம்."

சார் கணினிப் பக்கம் திரும்பினார். வேண்டாம் சார் என்று சொல்ல ஆசைதான். எந்தக் காரணத்தைச் சொல்வது? எப்சி மேசைமேல் குனிந்தாள். அவளுடைய மூச்சு கழுத்திறகில் பட, ஸ்பீக்கர் பொரிந்தது.

"நல்லா வருதும்மா" என்றார் சார், திரும்பாமலே.

அவள் மூச்சை அடக்கிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் முடியும்?