பாதி காலி வண்டி

ஏர் ஹாரன் அலறியது. முன்னறையில் அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்கள்.

அந்தச் சத்தம் தெருவுக்குப் பழக்கமானதுதான். ஆனால் அதை அடிக்க வேண்டியவர் அறையின் நடுவே, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார்.

மகள் வாசலுக்கு ஓடினாள். அப்பாவின் லாரி. இறங்கியவர் விசில் சித்தப்பா. அப்பாவோடு ஒரே கம்பெனியில் லாரி ஓட்டுகிறவர். எந்நேரமும் விசிலடித்தபடி இருப்பதால் வந்த பெயர். இன்று உதடு காய்ந்து ஒட்டியிருந்தது.

“ஹாரன் எதுக்கு சித்தப்பா?”

“முக்கு திரும்பினா உங்கப்பா அடிப்பாரில்ல. அந்த சீட்ல உக்காந்ததும் கை தானா போயிடுச்சும்மா.”

அவர் உள்ளே போய் அப்பாவின் காலடியில் நின்று குலுங்கினார். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

“ஊர்ல உள்ளவன் எல்லாம் வந்து என் அண்ணன் முகத்தைப் பார்த்தாச்சு. கட்டினவளுக்குத்தான் பாத்திரம் தேய்க்கிற அவசரம்!”

சமையலறைக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். பதிலாக அங்கே ஒரு குண்டான் ‘ணங்’கென்று விழுந்தது.

எல்லாம் ஒரு போன்காலில் ஆரம்பித்தது. மலைப்பாதை வளைவில் லாரியை ஓரங்கட்டிவிட்டு அப்பா இறந்து கிடந்ததாகக் காலையில் செய்தி வந்தது. மாரடைப்பு. “அந்தப் பக்கம் நம்ம வண்டிக்கு வேலையே இல்லையேம்மா. ஹைவேல போக வேண்டியவரு. ஏதோ சொந்த வேலையா போயிருப்பாரு,” என்றார் லாரி ஆபீஸ் மேனேஜர். அம்மா போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். இன்னும் வெளியே வரவில்லை.

“அவ வீட்டுக்குத்தான் போயிருக்காரு. அவளே வந்து அழட்டும். நான் அந்த மூஞ்சியைப் பார்க்க மாட்டேன்,” என்று அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

‘அவ’ என்று மலைப்பக்கம் ஒருத்தி இருப்பதை மகள் சுவர் வழியாகக் கேட்ட சண்டைகளில்தான் அறிந்திருந்தாள். அப்பா ஒருநாளும் குரலை உயர்த்தி மறுத்ததில்லை. மாலையில் அமரர் ஊர்தி வந்து அப்பாவை எடுத்துப் போய்விடும். அதற்குள் அம்மா பார்க்காவிட்டால், பிறகு எப்போதும் பார்க்க முடியாது.

எல்லாவற்றுக்கும் ‘ஏன்’ கேட்பதால் அப்பா மகளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘கேள்வி’. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேள்வி வெளியே வந்தாள்.

விசில் சித்தப்பா வேப்பமர நிழலில் பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்திருந்தார்.

“அப்பாவை முதல்ல யாரு பார்த்தாங்க?”

“பால் வண்டிக்காரன். வண்டி ஓரமா, ஒழுங்கா நின்னுருக்கு. ஹேண்ட்பிரேக் போட்டு, எல்லா சக்கரத்துக்கும் கல்லு வச்சிட்டு, கடைசிக் கல்லுமேல கையை வச்சபடி சாஞ்சிருந்தாராம். நெஞ்சு வலியோட கல்லு பொறுக்கியிருக்கான் மனுஷன்.”

மகள் லாரியைப் பார்த்தாள். தார்ப்பாய் பக்கப் பலகைக்கும் கீழே தொய்ந்திருந்தது. பார்க்கிறவர்களுக்குப் பாதி காலி வண்டி.

“இவ்ளோதான் லோடுன்னா எதுக்கு அத்தனை கல்லு?”

சித்தப்பா பீடியை வாயிலிருந்து எடுத்தார். பிறகு மறுபடி வைத்துக்கொண்டார்.

அவள் லாரியைச் சுற்றி நடந்தாள். கதவுக்குக் கீழே வெள்ளைப் பெயின்டில் இரண்டு எண்கள். காலி வண்டியின் எடை. சரக்கோடு சேர்த்துச் சட்டம் அனுமதிக்கும் எடை. சின்ன வயதில் அதற்கும் ஏன் என்று கேட்டிருக்கிறாள். “இந்தப் பெரிய நம்பரைத் தாண்டினா ரோடு அழும், டயர் அழும், பிரேக் மட்டும் நம்மளப் பார்த்து சிரிக்கும்,” என்று அப்பா சொன்னார்.

பின்சக்கரத்தின் அருகே குனிந்தாள். வில்லாக வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகக் கிடந்தன. டயருக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் ஒரு காலத்தில் அவள் தலையே நுழையும். இப்போது விரல் நுழையவில்லை. தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே இரும்புத் தகட்டுச் சுருள்கள், படுத்திருக்கும் யானைக்குட்டிகள் மாதிரி.

அப்போதுதான் மேனேஜரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கையில் மாலை இருந்தது. கண் லாரிமேல் இருந்தது.

“யோவ் விசிலு! நேரா குடோனுக்குப் போன்னா, சாவு வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தியிருக்க?”

“முகம் பார்க்க வந்தேன் சார்.”

“பஸ்ல வந்து பார்க்கிறது! எடு எடு. சரக்கு இறக்கணும்.”

அவள் லாரிப் படியில் ஏறி, தொங்கிக்கொண்டிருந்த சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

“சார், தெருமுக்குல வே பிரிட்ஜ் இருக்கு. ஒரு எடை போட்டுட்டுப் போகட்டும்.”

“என்னம்மா விளையாடறே? பாதி வண்டி காலியா இருக்கு. இதுக்கு எடை எதுக்கு?”

“காலியா இருந்தா உங்களுக்கு என்ன பயம்?”

வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள். மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “அப்பா போன துக்கம் உனக்கு. புரியுது. ஆனா அவரு எங்க போனாரு, யாரைப் பார்க்கப் போனாருன்னு நாலு பேர் முன்னாடி என் வாயால சொல்ல வைக்காதே. கம்பெனிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“வாயைக் கழுவிட்டு வந்து பேசு சார்!”

சொன்னவர் விசில் சித்தப்பா. பீடி கீழே கிடந்தது.

“எடையெல்லாம் வேணாம்மா, நான் சொல்றேன். இருபத்தெட்டு டன்னுக்கு மேல போகக்கூடாத வண்டி இது. இப்போ நாப்பது கிடக்கு. ஹைவேல எடை சோதனை வச்சாங்கல்ல, அதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அன்னையிலேருந்து இரும்பு ஏத்துற வண்டியெல்லாம் மலை மேலதான். போகமாட்டேன்னு சொன்னவனுக்கு மறுநாள் வண்டி கிடையாது. போகச் சொன்னது இந்த சார்தான்.”

“டேய், நாளைக்கு நீ வேலைக்கு வரணும், தெரியும்ல?”

“இனிமே எங்க சார் வர்றது? அதான் சொல்லிட்டேனே.”

மேனேஜர் மாலையை ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தார்.

“அம்மாகிட்ட ஏன் யாருமே சொல்லல?” மகள் கேட்டாள்.

“எப்படிம்மா சொல்றது? உன் தாய்மாமா அந்த மலை இறக்கத்துலதானே செத்தாரு, லோடு லாரி பிரேக் பிடிக்காம. லோடு வண்டியோட அந்தப் பக்கம் போகவே கூடாதுன்னு அண்ணி உன் தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருந்துச்சு. ‘அவளுக்குத் தெரிஞ்சா நான் வீடு வர்ற வரைக்கும் ஒரு பொட்டு தூங்க மாட்டாடா, வாயைத் திறந்துடாதே’ன்னுட்டாரு உங்கப்பா.”

அவள் சாவியை இறுக்கிப் பிடித்தபடி சமையலறைக்குப் போனாள். தேய்த்த பாத்திரத்தையே அம்மா மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அங்க யாரும் இல்ல. இரும்பு லோடு. எடைக்கு மேல ஏத்தி மலை வழியா அனுப்பியிருக்காங்க. ரெண்டு வருஷமா.”

அம்மாவின் கை நின்றது.

“பொய் சொல்லாதே.”

“ஸ்பிரிங் நசுங்கிக் கிடக்கு, வந்து பாரு. விசில் சித்தப்பா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு.”

குழாயில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அம்மா அதை மூடவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள். அத்தை நகர்ந்து தலைமாட்டை விட்டுக் கொடுத்தாள்.

அம்மா உட்கார்ந்தாள். அப்பாவின் முகத்தை, புதிதாகப் பார்க்கிற முகம் போல, நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தாள். வலது கையைத் துணிக்கு வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நுனிகளில் கல்லின் சிராய்ப்பு இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினாள்.

மகள் பக்கத்தில் மண்டியிட்டாள். இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது.

“மலைப்பக்கம் ஒருத்தி இருக்கான்னு உன்கிட்ட யாரும்மா கதை கட்டிவிட்டது?”

அம்மா கண்ணை எடுக்கவில்லை.

“செருப்புல ஏது மலை மண்ணுன்னு ஒருநாள் கேட்டேன். அங்க ஒருத்தி இருக்கான்னு உங்கப்பாவேதாண்டி சொன்னாரு.”