முதலாளியின் கேபிள்

"உங்க கேபிளும் இந்தப் பெட்டி வழியாத்தான் போகணும், சார்."

முதலாளியின் மேசைக்கு எதிரே நின்று சொன்னேன். எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே ஜெயபாண்டி மாமா சொல்லியிருந்தார். மாமா என் அம்மாவின் தம்பி. பட்டாளத்திலிருந்து வந்ததிலிருந்து ராஜபாளையத்தில் இந்த நூல் மில்லுக்குச் செக்யூரிட்டி ஆபீசர். இப்போது கதவோரம் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

நாற்காலியில் இருந்தவர்கள் முதலாளியும் அவர் மகன் ஹரிகிருஷ்ணனும். என் பக்கத்தில் நௌஷீன் நின்றாள். தரச்சோதனை லேபில் வேலை பார்ப்பவள். ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காக லேபில் உருவாக்கிய நூல் கலவையின் விவரம் மொத்தமும் வேறொரு மில்லுக்குப் போய்விட்டது. நௌஷீனின் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு நுழைந்துதான் யாரோ எடுத்திருக்கிறார்கள். "நான்தான் கொடுத்தேன்" என்று அவர்களே டைப் அடித்த தாள் மேசையில் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும். போடாவிட்டால் போலீஸ், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்.

நான் பார்க்கும் வேலை, சர்வர் அறையில் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொள்வது. மில்லின் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எது கிளம்பினாலும் அதற்குள் இருக்கும் சிப் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்துப் பார்க்கும். நேற்று விட்டோமே என்று இன்று விடாது. உள்ளே இருக்கிற ஆள்தானே என்றும் விடாது. நீ யார், எங்கே போகிறாய், என்ன கொண்டு போகிறாய் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும். அந்த வெளிநாட்டுக் கம்பெனி கட்டாயப்படுத்தியதால் வாங்கினார்கள். வாங்கிய கையோடு, முதலாளி அறைக்கு மட்டும் பெட்டியைச் சுற்றிக்கொண்டு தனியாக ஒரு கேபிள் இழுத்தார்கள். ஆள் வைத்து இழுத்தவர் மாமா.

லேபிலிருந்து போயிருந்தால் பெட்டி மறித்திருக்கும். அதில் ஒன்றும் மாட்டவில்லை. அப்படியானால் போன வழி ஒன்றே ஒன்றுதான்.

முதலாளி சிரித்தார். "ஏம்ப்பா ஜெயபாண்டி, ஒன் அக்கா மக நம்மளத் தடவிப் பாக்கணுமாம்ல."

"ஏட்டி பானு, வாய மூடு," என்றார் மாமா.

"அஞ்சு நிமிசம் போதும் சார். ஒண்ணும் மாட்டலைன்னா நௌஷீன் மேல புகாரை நானே எழுதித் தாரேன்."

நௌஷீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளைக் கேட்காமலே அவள் பிழைப்பைப் பந்தயம் வைத்திருந்தேன்.

"சொருகிப் பாக்கட்டும்ப்பா," என்றான் ஹரிகிருஷ்ணன், அந்தத் தனிக் கேபிளில் மாட்டியிருந்த தன் லேப்டாப்பை மடியிலிருந்து மேசைமேல் வைத்து. "அப்பவாச்சும் இதுக ரெண்டும் அடங்கும்."

சர்வர் அறைக்கு மாமா என் பின்னாலேயே வந்தார். "ஒனக்கு முதல் பட்டதாரி சர்ட்டிபிகேட் வாங்குறதுக்குத் தாலுகா ஆபீசுல எம்புட்டு நாளு கால்கடுக்க நின்னேன். இதுக்குத்தானா?"

"வேற எதுக்குன்னு நெனச்சீங்க மாமா?"

முதலாளி அறைக் கேபிளை உருவிப் பெட்டியில் சொருகினேன்.

திரும்பி வந்து, பெட்டி மறிப்பதைக் காட்டும் என் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். வரி வரியாகச் சிவப்பில் விழுந்துகொண்டிருந்தது. சின்ன முதலாளி தன் லேப்டாப்பில் ஓசியில் இறக்கிய ஏதோ ஒரு கள்ள சாப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வந்த வைரஸ் ஒன்று, லேப் கோப்புகளை இன்னமும் வெளியே அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டி ஒவ்வொன்றாக மறித்தது.

"நௌஷீன் பாஸ்வேர்டு இந்த லேப்டாப்புல எப்படி சார் வந்துச்சு?"

நௌஷீன் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சின்ன மொதலாளிதான் கேட்டாவ. லேப் பைலெல்லாம் பாக்கணும்னாவ. அவிய கேட்டா நான் எப்படித் தராம இருக்க?"

"கேட்டா குடுத்துருவியா? அதுதான்டி தப்பு," என்றான் ஹரிகிருஷ்ணன்.

விதிப்படி அவன் சொன்னது சரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலாளி திரையைச் செத்த நேரம் பார்த்தார். முடிந்தது, இனி நௌஷீனை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். எம்புட்டுப் படித்தும் அந்த அளவுக்குத்தான் என் புத்தி.

"மூடுறா அதை," என்றார் மகனிடம். பிறகு தாளை நௌஷீன் பக்கம் தள்ளினார். "பெட்டி சொல்றது சரிதாம்மா. ஆனா நூல் வாங்குற வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு பேரு சொல்லியாகணும்லா. எம் மகன் பேரையா சொல்லச் சொல்லுத? போடு."

அவள் தொடவில்லை. முதலாளி மாமாவிடம் திரும்பினார். "கேபிளப் பழையபடி மாத்திரு. இந்தப் புள்ள லேபுல உக்காந்து அனுப்புனத நீ கண்ணால பாத்திருக்க. என்ன?"

"பாத்தேன் மொதலாளி."

மாமா மூச்சுவிடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"என்ன சார் பாத்தீங்க?" நௌஷீன் அவர் பக்கம் திரும்பினாள். "தெனம் வாசல்ல என் தூக்குவாளியத் தொறந்து பாப்பீங்களே. ஒரு நாளாச்சும் அதுல மில்லுச் சாமான் இருந்துச்சா?"

மாமா ஜன்னலைப் பார்த்தார்.

"நான் போட மாட்டேன்," என்று அவள் தாளைத் திருப்பித் தள்ளினாள்.

"அப்ப கோர்ட்டுல பாப்போம். ஒனக்கு யாரு சாட்சி சொல்ல வருதான்னு நானும் பாக்கேன்." முதலாளி என்னைக் காட்டினார். "பானுவா? அவ நம்ம புள்ள. சொந்த மாமன ஜெயிலுக்கு அனுப்ப மாட்டா."

அதை நம்பித்தான் அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

"ஏட்டி, வீட்டுக்கு வா. பொறவு பேசிக்கிடலாம்," என்றார் மாமா.

"வீட்டுல என்ன பேச்சு மாமா? நீங்க சொல்ற பொய்ய கோர்ட்டுல சொல்லுங்க. நானும் அங்கன வாரேன். கேபிள் இழுத்தது ஆரு, பழையபடி மாத்துனது ஆருன்னு பேரோட சொல்லுதேன்."

அவர் முகம் சுருங்கியது. பட்டாளத்து விறைப்பு போய், அம்மாவின் தம்பியாக மட்டும் நின்றார். "ஒங்கம்மாவுக்கு நான் ஒருத்தன்தான கூடப்பொறந்தவன். அத நெனச்சியாட்டி?"

"நெனச்சேன்."

அம்மா அழுவாள். என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். விட வேண்டாம்.

நௌஷீனின் பையை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டு, கதவை அடைத்து நின்ற மாமாவை விலக்கி, அவளை முன்னால் விட்டு நானும் வெளியே நடந்தேன்.