தெம்புக்கு இரண்டு பாட்டில்

மண்டையோட்டைத் திறந்து, மூளையைப் போர்த்தியிருந்த சவ்வைக் கத்திரித்ததும் சர்ஜன் கையை நிறுத்தினார். "என்னங்க இது, பொங்கிட்டு வருது," என்றார். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரைப் பயமுறுத்தியது. திரைக்கு அந்தப் பக்கம் மூளை வீங்கினால், இந்தப் பக்கம் நிற்பவள்தான் பதில் சொல்ல வேண்டும். மூச்சு, ரத்த அழுத்தம், நரம்பில் இறங்கும் தண்ணீர் எல்லாமே அவள் பொறுப்பு. அதிலும் தண்ணீர் விஷயத்தில் அவள் படு கறார். மூளை ஆபரேஷன் என்றால் உப்புத் தண்ணீர்தான். குளுக்கோஸ் பக்கமே போகக் கூடாது. அதிலிருக்கும் சர்க்கரையை உடம்பு தின்று தீர்த்துவிடும்; மிஞ்சுகிற வெறும் தண்ணீர் நேரே மூளைக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

மேசையில் கிடந்தவள் ஒரு தையல்காரி. வலது கையை ஆட்டுவிக்கிற இடத்தை ஒட்டிக் கட்டி. "உயிரு இருக்கட்டும் டாக்டர், இந்தக் கை இல்லாம நான் என்ன பண்ணுவேன்?" என்று முந்தின நாள் கேட்டிருந்தாள். கட்டியை எடுத்துவிடலாம், கை தப்பும் என்று சர்ஜனும் நம்பிக்கையாகத்தான் இருந்தார். ஆனால் அதற்கு மூளை அடங்கிக் கிடக்க வேண்டும். இப்படிப் பொங்கினால் அந்த இடத்தை அழுத்தித் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போக முடியும்.

மயக்க டாக்டர் மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். வீக்கத்தை வற்ற வைக்கும் மருந்தை ஓடவிட்டாள். கை வேலை செய்துகொண்டிருக்க, கண் மட்டும் கம்பியில் தொங்கிய பாட்டிலுக்குப் போனது. உப்புத் தண்ணீர் என்றுதான் அதில் ஒட்டியிருந்த சீட்டு சொன்னது. சீட்டு சொன்னால் ஆயிற்றா? கட்டின புருஷன் 'பூட்டிட்டேன்' என்றாலும் இன்னொரு தரம் பூட்டை இழுத்துப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர் வைத்திருப்பதும் அவளுக்குத் தெரியும். யார் வைத்தது என்பதையும் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

இரண்டாவது பாட்டிலை மாட்டியது டெக்னீஷியன். வயதில் மூத்தவர், எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவள் போன் பேச வெளியே போயிருந்த நேரத்தில் மாட்டியிருக்கிறார். உப்பும் குளுக்கோஸும் ஒரே கம்பெனி, ஒரே மூடி, ஒரே உயரம். மனிதர் பெண் கல்யாண வேலையில் மூழ்கிக் கிடக்கிறார், புத்தி எங்கே இருந்ததோ. அவர் அந்தப் பக்கம் திரும்பியபோது குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, சர்க்கரை பார்க்கிற மெஷினில் வைத்தாள். சர்க்கரையே இல்லை என்றது மெஷின். அப்போதும் மனம் ஆறவில்லை. குனிந்து குப்பைக் கூடையைக் கிளறி முதல் பாட்டிலைத் தேடினாள்.

"என்னம்மா தேடுறீங்க?" மாஸ்டர் பின்னால் நின்றிருந்தார்.

"ஒண்ணுமில்ல மாஸ்டர்."

அவரே குனிந்து காலிப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். "இதுலயும் ஒரு சொட்டு இருக்கும், பாத்துக்கோங்க. என்கிட்ட நேராவே கேட்டிருக்கலாம்மா. இத்தனை வருஷமா கூட நிக்கிறேன்."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் பார்த்தாள். அதுவும் உப்புத்தான்.

பிறகுதான் நோயாளியின் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தாள். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது; உப்பு தரையில் கிடந்தது. கட்டிக்காகக் கொடுக்கிற மருந்தில் சர்க்கரை கொஞ்சம் ஏறும்தான். உப்பு ஏன் இறங்க வேண்டும்? தியேட்டருக்கு வருவதற்கு முன்பே எவரோ இவளுக்குள் குளுக்கோஸை ஊற்றியிருக்கிறார்கள். வார்டு சிஸ்டர்தான், வேறு யார்? வெளியே போனதும் அவளைச் சும்மா விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அடர்த்தியான உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். மூளை மெல்ல அடங்கியது, போதுமான அளவுக்கு அல்ல. கடைசித் தையலைப் போட்டுவிட்டு சர்ஜன், "கொஞ்சம் அழுத்திட்டுத்தான் போக வேண்டியிருந்துச்சு. கை எப்படின்னு எந்திரிச்சாத்தான் தெரியும்," என்றார்.

மயக்கம் தெளிகிற அறையில் தையல்காரி கண்ணைத் திறந்தாள். இடது கையை அழுத்தச் சொன்னால் அழுத்தினாள். வலது கை வைத்த இடத்திலேயே கிடந்தது. ஒருவேளை வீக்கம் வற்றினால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அவளுடைய கணவரை உள்ளே கூப்பிட்டார்கள். பஸ் கண்டக்டர், யூனிபாரத்தோடே வந்திருந்தார். மாஸ்டர் புதுப் பாட்டிலோடு கட்டிலின் தலைமாட்டில் நின்றார்.

"காலையில வார்டுல பாட்டில் ஏத்துனாங்களா?" போலீஸ் ஸ்டேஷன் குரலில்தான் டாக்டர் கேட்டாள்.

"ஏத்துனாங்கம்மா. ரெண்டு பாட்டில் குளுக்கோஸ். ராத்திரியிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படலையே அவளுக்கு."

"யார் ஏத்தச் சொன்னது?"

கண்டக்டர் ஒரு கணம் விழித்தார். "நீங்கதாம்மா."

"நானா?"

"நேத்து சாயங்காலம் ஜன்னல்கிட்ட நின்னு அவ ஸ்கேனைத் தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டிருந்தீங்க. காலையில வரைக்கும் பட்டினியா கெடப்பாளே, தெம்புக்கு ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தலாமான்னு கேட்டேன். தலையாட்டினீங்க. சிஸ்டர் முதல்ல முடியவே முடியாதுன்னாங்க. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்கன்னு நான்தான் சண்டை போட்டு வாங்கினேன்."

பொய் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அப்படி ஏதாவது தட்டுப்படாதா என்று அவளுக்கு ஏக்கமாகவே இருந்தது. அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்கேன் நன்றாக ஞாபகம் இருந்தது, கட்டியின் ஓரம்கூட. பக்கத்தில் யாரோ தொணதொணவென்று பேசிக்கொண்டிருந்ததும் ஞாபகம் இருந்தது. என்ன கேட்டார்கள் என்பது மட்டும் இல்லை. நோயாளி வீட்டு ஆட்கள் என்ன கேட்டாலும் தலையாட்டி அனுப்பிவிடுவது அவளுக்குப் பழக்கம். ஆட்டுகிறோம் என்பதே தெரியாமல் ஆட்டுவாள். ஊரில் உள்ளவர்களையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்குத் தன் தலையாட்டல் மேல் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. மாஸ்டர் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். கேட்காமல் எப்படி இருக்கும்? பாட்டிலைப் பிடித்திருந்த அவர் கை மட்டும் கடைக்கண்ணில் தெரிந்தது, அது அசையவில்லை.

கண்டக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து மனைவியின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். நீவிய விரல் விட்டதும் சரிந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கையில தெம்பே இல்லையேம்மா. இன்னும் ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் போடலாமா?"

கேட்டுவிட்டு, விரலை நீவியபடியே டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை அசைந்துவிடாமல் அவள் கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றாள்.