ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில், வினோஜன் என்பவனின் நெஞ்சடிப்பு எட்டுக் காம்பரா வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயம் முழுவதற்கும் கேட்டது. முதலில் கேட்டது அவனுக்குக் கல்யாணமான வாரத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புது மனைவி பிரேமினி தலைமுடியை அவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுதான் காரணம். காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கும் பெரட்டுத் தப்பு மேளத்தை நிறுத்திவிட்டுத் தோட்டம் சங்கு ஊதத் தொடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் பழகிய காதுகள் சும்மா இருக்குமா? பெண்கள் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கொழுந்துப் பையோடு பெரட்டுக் களத்தில் போய் நின்றார்கள். அங்கே ஈ காக்கை இல்லை. சத்தம் வந்த வழியே திரும்பிய அடுத்த காம்பரா வேலாயி கதவைத் தட்டினாள்.

“ஏம்ப்பா வினோஜா, லீவு நாளுல எதுக்குத் தப்பு அடிக்கிற?”

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவன் வெளியே வந்தான். சத்தம் சட்டைக்குள்ளிருந்து வந்தது. லயமே விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் வினை. அதன் பிறகு மனைவியை நெருங்கும்போதெல்லாம் ஊருக்குக் கேட்குமே என்று பயந்தான். பயத்தில் நெஞ்சு இன்னும் ஓங்கி அடித்தது, அதைக் கேட்டு மேலும் பயந்தான். ஆசையோடு போன உடம்பு பாதியிலேயே சில்லிட்டுப் போனது. டிக்கோயா பக்கத்து டாக்டர் ஒருவர் குழாயை எடுக்காமலேயே கேட்டுவிட்டு, நெஞ்சு நன்றாக இருக்கிறது, பயப்படாதே என்றார். சொன்னால் போய்விடுகிற பயமா அது? பாவம், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இரவு வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். இரண்டு வருஷம் இப்படிப் போனது. தன்னை அவனுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்த பிரேமினி, நானுஓயாவில் உள்ள அம்மா வீட்டுக்கு ஒரேயடியாகக் கிளம்பினாள்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு அவனும் ரோட்டுக்கு வந்தான். பஸ் வளைவில் தெரிந்ததும் அவன் நெஞ்சு அடித்த அடியில் தேயிலைச் செடிகளிலிருந்து மழைத்தண்ணீர் உதிர்ந்தது.

“இப்ப எதுக்கு அடிக்குது?” என்றாள்.

“நீ போயிருவியேன்னு பயமா இருக்கு.”

“அன்னைக்கு?”

“அன்னைக்கு ஆசை. பயமும்தான். எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல, பிரேமினி.”

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினான். அவள் ஏறவில்லை. வினோஜனின் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள்.

“எனக்கும் முதல் நாளுலேருந்து இதே அடிதாங்க. ஊருக்குக் கேக்கல, அவ்வளவுதான்.”

இரண்டு வருஷமாகத் தான் மட்டும்தான் பயந்ததாக நினைத்திருந்த மனிதன் நடுரோட்டில் அழுதான். பஸ் போய்விட்டது.

அன்று மத்தியானம் லயத்தில் தப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது. யாரும் படங்கு கட்டவில்லை. வேலாயி டீவியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். இப்போது அந்த லயத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம், பீலியில் தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும் என்பதோடு இதையும் சொல்லிவிடுகிறார்கள்.