எமில் ஹாக்ஸ்டாட்டின் சாட்சியம்

எங்கள் மாநிலம் உருவானபோதே ஒவ்வொரு வட்டாரத்திலும் இரண்டு சதுர மைல் நிலத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் பெயரில் ஒதுக்கிவிட்டார்கள். அதைக் காப்பாற்றி, குத்தகைக்கு விட்டு, வருமானத்தைப் பள்ளிகளுக்குக் கொடுப்பது அரசின் பொறுப்பு. அரசு ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்கச் சட்டமன்றத்தில் எட்டுப் பேர் கொண்ட குழு உண்டு. முப்பது வருடம் டீச்சராக இருந்துவிட்டு சட்டமன்ற உறுப்பினரானவள் என்று என்னையும் அதில் போட்டார்கள்.

எமில் நிலத்துறையின் கள ஆய்வாளர். அவர் மகள் என்னிடம் படித்தவள். ஆற்றங்கரையில் இருந்த ஒரு பள்ளி நிலத்தில் குத்தகைக்காரர் அளவுக்கு மீறி மாடு விட்டுப் புல்லை வேரோடு அழித்துவிட்டார் என்று எமில் பதினோரு வருடம் அறிக்கை எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. குழுவின் முன் வந்து சொல்லச் சொல்லி நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு டீச்சர். வாயைத் தொறந்தா விட்டுவைப்பாங்களா?"

"நான் இருக்கேன்ல எமில். உங்க மேல தூசு விழ விடமாட்டேன்."

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி இங்க்ரிட், "தூசு விழுந்தா தட்டிக்கலாம் டீச்சர். கல்லு விழுந்தா?" என்றாள். நான் சிரித்தேன்.

பிப்ரவரியில், தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு எமில் குழுவின் முன் வந்தார். புகைப்படங்களை மேசையில் பரப்பினார். குழுத் தலைவர் ராய்ஸ் கார்மடி. குத்தகைக்காரர் அவருடைய மைத்துனர். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"மழை பெய்யலைன்னாலும் மாட்டைத்தான் குத்தம் சொல்வீங்களோ?" என்றார் கார்மடி.

"வேலிக்கு அந்தப் பக்கமும் மழை இல்லைங்க. அங்க புல்லு முழங்கால் உசரம் நிக்குது."

அறையே சிரித்தது. கார்மடியும் சிரித்து, நன்றி சொல்லி அனுப்பினார்.

ஆறு வாரம் கழித்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். செயற்கைக்கோள் படம் இருக்கும்போது கள ஆய்வாளர் எதற்கு, நான்கு பணியிடங்களையும் எடுத்துவிடலாம் என்று. வாக்கெடுப்புக்கு முன் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார்.

"கோரா, உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துப் புதுக் கூரைக்கான பணமும் என் கையிலதான் இருக்கு. இங்க நாலு பேரு, அங்க நூத்தி நாப்பது பிள்ளைங்க. நீங்களே முடிவு பண்ணுங்க."

வாக்கெடுப்பில் ஏழு கைகள் ஏற்கெனவே உயர்ந்திருந்தன. என் கை இல்லாமலும் அது நிறைவேறியிருக்கும். ஆனாலும் தூக்கினேன்.

எமிலுக்கு போன் செய்தேன். இங்க்ரிட் எடுத்து, "அவரு பேச மாட்டாராம்" என்று வைத்துவிட்டாள். கோடையில் அதே குத்தகைக்காரருக்குக் குத்தகையைப் பத்து வருடத்துக்கு நீட்டித்தார்கள். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆள் வேலையில் இல்லை.

செப்டம்பரில் தீவனக் கடைக்குப் போனேன். மூட்டை தூக்குகிற வேலையில் எமில் இருந்தார்.

"வாங்க டீச்சர். கூரை போட்டாச்சாமே?"

"போட்டாச்சு."

"ஒழுகலையே?"

"இல்ல எமில்."

"நல்லது" என்று இரண்டு மூட்டைகளை என் வண்டியில் ஏற்றி, பின்கதவைச் சாத்திவிட்டு, அடுத்த ஆளிடம் போனார்.