மெழுகுவர்த்திப் பரீட்சை

கடையில் முகக்கவசம் தீர்ந்துபோயிற்று என்று கேள்விப்பட்டதுமே விசில் வீட்டம்மாள் தையல் மெஷின் மேலிருந்த உறையை உருவிப் போட்டாள். அவள் புருஷன் பஸ் கண்டக்டர். அவர் விசில் ஊதினால் அடுத்த தெருவில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து உட்காரும். அதனால் தெருவே அவரை விசில் என்றுதான் கூப்பிட்டது. ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்ட அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு அவர் பஸ் மட்டும் ஓடியது. இருமுகிற கூட்டத்துக்கு நடுவே இந்த மனுஷனை வெறும் மூஞ்சியோடு நிற்க விடுவதாக இல்லை அவள்.

பழைய படுக்கை விரிப்பை எடுத்து வெட்டினாள். நடுப்பகுதி நைந்து கிடந்தது, கால்மாட்டுப் பக்கம்தான் கெட்டி. உள்மடிப்புக்குத் தலையணை உறை. மூக்கின் மேல் படிவதற்கு, ரொட்டிப் பொட்டலத்தின் வாயைக் கட்டியிருந்த கம்பி. எலாஸ்டிக்குக்குத்தான் திண்டாட்டம். கடைசியில் அவருடைய பழைய அரைக்கால் சட்டையின் இடுப்பைப் பிரித்தாள்.

"இடுப்புல கெடந்தத காதுல மாட்டிட்டியே," என்றார் அவர்.

"உங்க வாய மூடணும்னா எதையாவது மாட்டித்தானே ஆகணும்."

மாடி வீட்டு அக்கா ஒரு பரீட்சை சொல்லிக்கொடுத்தாள். கவசத்தைப் போட்டுக்கொண்டு எரிகிற மெழுகுவர்த்தியை ஊத வேண்டுமாம். சுடர் அணைந்தால் துணி உதவாது, அணையாவிட்டால் நல்ல துணி. விசில் ஊதினார். பொசுக்கென்று அணைந்தது. அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிரித்து இன்னொரு மடிப்பு வைத்துத் தைத்தாள். அதுவும் அணைந்தது. அந்த நெஞ்சுக்கு எந்தத் துணிதான் தாங்கும்!

ஆனால் விட்டுவிடுகிற பிறவியா அவள்? தினமும் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது மெழுகுவர்த்தியும் கையுமாக வாசலை மறித்து நின்றாள். ஒருநாள் சுடர் அணைவது போல் ஆடி, பிழைத்துக்கொண்டது. அதற்கப்புறம் வர வர ஆட்டமும் குறைந்து, கடைசியில் அசையவே இல்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"துவைக்கத் துவைக்க நூல் இறுகுதுக்கா," என்று மாடி வீட்டு அக்காவிடம் அளந்தாள். அதே விரிப்பில் அவளுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தாள்.

விசில் இப்போதெல்லாம் விசில் ஊதுவதில்லை. "இதப் போட்டுக்கிட்டு எங்க ஊதறது? தகரத்தத் தட்டுறேன், டிரைவர் எடுத்துடறாரு," என்றார். செருப்பு மாட்ட உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாயிற்று. சோம்பேறித்தனம் என்று அவள் கேலி செய்தாள். அவரும் சிரித்து வைத்தார்.

ஒரு காலையில் மாடி வீட்டு அக்கா கவசத்தோடு படியிறங்கி வந்தாள். "என்னம்மா இது, நான் ஊதினாலே அணைஞ்சுபோகுது?"

இவளுக்குச் சுருக்கென்றது. அதே துணி, அதே தையல்! "நீங்க சரியா மாட்டியிருக்க மாட்டீங்கக்கா," என்று சொல்லிவிட்டு, துவைத்துக் காயப்போட்டிருந்த புருஷனுடைய கவசத்தைக் கொடியிலிருந்து உருவி மாட்டிக்கொண்டு ஊதிக் காட்டினாள். அணைந்தது. மறுபடி ஏற்றி ஊதினாள். மறுபடியும் அணைந்தது.

எரிந்த தீக்குச்சி விரலைச் சுடும்வரை அப்படியே நின்றாள். பிறகு மெழுகுவர்த்தியைத் திரும்ப ஏற்றி, வாசலில் செருப்பு மாட்ட உட்கார்ந்திருந்த புருஷனின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஏங்க, மாஸ்க் வேணாம். வெறும் வாயால ஊதுங்க."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஊதுங்க."

ஊதினார். சுடர் தலையைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்றது. இன்னொரு தரம் முயன்றார், இருமல்தான் வந்தது.

புருஷனுக்கு மூச்சு குறையக் குறைய, எல்லாம் தன் கைவேலை என்று ஊர் முழுக்கப் பெருமை அடித்திருக்கிறாள். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"உங்களுக்குத் தெரியும், இல்ல?"

அவர் தரையைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனா தனியாப் போட்டுடுவாங்க. உன்னக் கண்ணுல காட்ட மாட்டாங்க. அதுக்குப் பயந்துதான்…"

"நான் கேட்டுக்கு வெளிய உக்காந்திருப்பேன். கெளம்புங்க."

சொன்னபடியே உட்கார்ந்தாள். காலையில் போவாள், இருட்டினால் திரும்புவாள். நெஞ்சு முழுக்கச் சளி கட்டிக் கிடக்கிறது என்றார் டாக்டர். பிழைப்பாரா என்று அவள் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு கை அசைந்தால் அன்றைக்குச் சாப்பிட்டாள். அசையாத நாட்களும் இருந்தன.

பாதி ஆளாகத்தான் வீடு திரும்பினார். வந்ததும் மெழுகுவர்த்தி கேட்டார். மூச்சே காட்டாதீர்கள் என்று அவள் அதட்டி ஒளித்து வைத்தாள். உடம்பு தேறி மாடிப்படியை நிற்காமல் ஏறி இறங்கிய அன்றைக்குத்தான் அதை எடுத்தாள். கவசத்தை அவரே வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஊதினார். சுடர் ஆடியது, ஒடுங்கியது, அணைந்தது.

"உன் தையல் சுத்த மோசம்," என்றார்.

"மோசந்தாங்க," என்று அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினாள். தலையணை உறையில் இன்னும் ஒரு மடிப்புக்குத் துணி மிச்சமிருந்தது.